டாம் தாம்சனின் ஐந்து வருடங்கள்: ஒரு ஓவியர், ஒரு காடு, ஒரு ஏரி

தைலவண்ணம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஒட்டாவா தேசிய ஓவியக் கூடத்தில் கனடா ஓவியர் டாம் தாம்சனின் 'ஜாக் பைன்' (ஒருவகைப் பைன் மரம்) ஓவியத்துக்கு எதிரே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். தபால் தலையிலும் காலண்டரிலும் பார்த்துப் பழகிய படம்தான். ஆனால் நேரில் அதன் அளவே நம்மை நிறுத்திவிடுகிறது. ஏறக்குறைய 128க்கு 140 சென்டிமீட்டர். ஏரிக்கரைப் பாறையில் ஒற்றை மரம், கிளைகள் நனைந்த துணி மாதிரித் தொங்குகின்றன. பின்னால் வானமும் தண்ணீரும் ஒரே வெளிச்சத்தில், மஞ்சளும் பச்சையும் கலந்த நீண்ட பட்டைகளாகக் கிடக்கின்றன. மரத்தின் ஓரங்களில் அடியில் பூசிய சிவப்பு எட்டிப் பார்க்கிறது. பொழுது சாய்ந்து, இருட்டு விழுவதற்கு முன் வரும் அந்தப் பத்து நிமிடத்தை அவர் பிடித்து வைத்திருக்கிறார்.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1877 ஆகஸ்ட் 5 அன்று ஒன்டாரியோவின் கிளேர்மான்ட்டில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறாவது. வளர்ந்தது ஜார்ஜியன் விரிகுடாக் கரையில் லீத் என்ற ஊரில், ஒரு பண்ணையில். வார்ப்பட இரும்புப் பட்டறையில் சில மாதம், வணிகக் கல்லூரியில் கொஞ்ச காலம், பிறகு அமெரிக்காவின் சியாட்டிலில் எழுத்து வடிவமைப்பு, அச்சுக்கான செதுக்கு வேலை. எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் டொராண்டோ வந்து கிரிப் என்ற விளம்பர அச்சு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி போன்றவர்கள் உடன் வேலை செய்தார்கள். பின்னாளில் 'ஏழ்வர் குழு' என்ற கனடா ஓவியர் குழுவாகப் பேர் வாங்கியவர்கள் இவர்களும் இவர்கள் கூட்டாளிகளும்தான்.

1912 மே மாதம் முதல் தடவையாக ஒன்டாரியோவில் ஏரிகள் நிறைந்த காடான அல்கான்குவின் பூங்காவுக்குப் போகிறார். அப்போது வயது 34. அதுவரை அவர் செய்ததை வைத்து யாரும் அவரைப் பெரிய ஓவியர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1917 ஜூலை 8 அன்று அந்தப் பூங்காவின் கனூ ஏரியில் இறந்துபோகிறார். நாற்பது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. இடையில் ஐந்து வருடம். அதற்குள் ஏறக்குறைய 400 சிறு பலகை ஓவியங்களும் 50 பெரிய கேன்வாஸ்களும்!

அந்தக் காட்டில் அவருக்கு அப்படி என்ன கிடைத்தது? இதுதான் என் கேள்வி. அங்கே போனவர்கள், ஓவியம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

துடுப்பு எழுதியது:

நல்ல இழை அண்ணா. நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். எங்கட ஆட்கள் பலர் ஒக்டோபரில் மேப்பிள் இலை நிறம் மாறுவதைப் பார்க்க அல்கொன்குவின் போவார்கள். காரில் நெடுஞ்சாலை 60 வழியே போய், இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் பத்து வருடம் அப்படித்தான் போய் வந்தேன். பிறகு ஒருமுறை கனூ ஏரியில் இறங்கித் துடுப்புப் போட்டேன். அன்றைக்குத்தான் தொம்சன் எனக்கு விளங்கினார்.

கனூ என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகில் இருக்கிறபோது கண் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். கரை ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேல் மரங்கள், அதற்கு மேல் மலை, பிறகு வானம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்த பட்டைகள். நாங்கள் சாலையில் நின்று பார்க்கிற காட்சி இல்லை இது. அவர் படங்களில் அடிவானம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, முன்னால் ஏன் இவ்வளவு தண்ணீர் என்று யோசித்திருக்கிறேன். அவர் பல தடவை படகில் இருந்தே, அல்லது படகைக் கரையில் இழுத்துப் போட்ட இடத்தில் இருந்தே வரைந்திருக்கிறார் என்றால் எல்லாம் பொருந்துகிறது.

ஏரியின் ஒரு முனையில், ஹேஹேர்ஸ்ட் முனை என்கிற மேட்டில், அவருக்கு நினைவுக் கற்குவியல் இருக்கிறது. 1917 செப்டெம்பரில் நண்பர்கள் கட்டியது. ஓவியர் பீற்றி கட்டும் வேலையை முன்னின்று செய்தார். மெக்டொனால்ட் செப்புத் தகட்டுக்கான வாசகம் எழுதினார். அங்கே போகப் படகு வேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கித்தான் எழுதியது:

நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன், கனடா பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் தாம்சனின் சிறு பலகைகளை அச்சிலும் திரையிலும் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறேன். கை வழியாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவருடைய பலகை 21.6க்கு 26.7 சென்டிமீட்டர். நாம் எழுதும் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. மடியில் வைத்து வரைய ஒரு பெட்டி. மூடியில் பலகை நிற்கும், அடியில் சாயம் குழைக்கும் தட்டு. வரைந்து முடித்த பலகை காயாமலே இன்னொன்றின் மேல் ஒட்டாதபடி சொருகி வைக்கப் பள்ளங்கள் உண்டு. எண்ணெய்ச்சாயம் ஒரே நாளில் காயாது என்பதால் இது இல்லாமல் காட்டில் வேலை நடக்காது.

இந்த அளவுதான் அவரை ஓவியராக்கியது என்று நான் நினைக்கிறேன். வடக்கே மேகம் நிற்காது, வெளிச்சம் இருபது நிமிடத்தில் மாறிவிடும். உள்ளங்கை இரண்டு விரித்த அளவுப் பலகை என்றால் அதற்குள் முடிக்கலாம். முடிக்க வேண்டுமென்றால் எதை விடுவது என்று உடனே தீர்மானிக்க வேண்டும். அவர் இலை வரையமாட்டார், இலைக்கூட்டத்தின் நிறத்தை ஒரே இழுப்பில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். பல இடங்களில் பலகையின் மரநிறமே மீதமிருக்கும். அந்த மீதியே ஒரு நிறமாக வேலை செய்யும். ஒரு பலகையை நான் அப்படியே எடுக்க முயன்றபோது நாலு மணி நேரம் ஆனது, உயிரும் போய்விட்டது. வேகம் போனால் எல்லாம் போகிறது.

பெரிய கேன்வாஸ்கள் வேறு மாதிரி. அவை குளிர்காலத்தில் டொராண்டோவில், பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தவை. அங்கே கிரிப் நிறுவனத்தில் கற்ற வடிவமைப்பு எட்டிப் பார்க்கும். 1915இல் முடித்த 'வடக்கு ஆறு' ஓவியத்தைப் பாருங்கள். முன்னால் மெலிந்த மரங்கள் திரைச்சீலை நெய்ததைப் போல நிற்கின்றன, அதன் சந்துகள் வழியாக ஆறு வளைந்து போகிறது. அவரே அதைத் தன் 'சதுப்புப் படம்' என்று சொல்வாராம். தேசிய ஓவியக் கூடம் அதை 500 டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்துக்கு நல்ல தொகை.

கேட்டால் நான் பலகைகளைத்தான் முதலில் வைப்பேன். தைலவண்ணம் கோபித்துக்கொள்ளக் கூடாது, 'ஜாக் பைன்' பெரிய படம்தான். ஆனால் அதில் ஒரு முடிவு வந்துவிட்டது. பலகைகளில் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தைலவண்ணம் எழுதியது:

கோபம் இல்லை, சண்டைக்கு வருகிறேன்! 'ஜாக் பைன்' கேன்வாஸின் வானத்தில் உள்ள அமைதி சின்னப் பலகையில் வர முடியாது. அந்த அகலமான பட்டைகளுக்குக் கை முழுதாக நகர வேண்டும். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு மாலையை மனதில் வைத்திருந்து வரைந்திருக்கிறார். அதற்கு வேறொரு வகைப் பொறுமை வேண்டும்.

ஆனால் 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று நீங்கள் சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

மின்மினி22 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். யூடியூபில் இவரைக் கொலை செய்துவிட்டார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். அது உண்மையா? அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

தைலவண்ணம் எழுதியது:

வாங்க மின்மினி. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். 1917 ஜூலை 8 பிற்பகலில் அவர் படகில் கிளம்புகிறார். அன்றைக்கே படகு தனியாகக் காணப்படுகிறது. எட்டு நாள் கழித்து உடல் கிடைக்கிறது. நெற்றிப்பொட்டில் அடிபட்ட தடம், கணுக்காலில் சுற்றியிருந்த தூண்டில் நூல். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மருத்துவர் உடலைப் பார்த்து, நீரில் மூழ்கி இறந்தார் என்று எழுதினார். விசாரணை அதிகாரி வருவதற்கு முன்பே ஏரிக்கரையில் அடக்கம் செய்துவிட்டார்கள். குடும்பத்தார் கேட்டதால் உடலைத் தோண்டி எடுத்து லீத்துக்குக் கொண்டுபோனார்கள். 1956இல் நான்கு பேர் பழைய இடத்தைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அவை ஒரு பூர்வகுடி மனிதருடையவை என்று அரசுத் தரப்பில் முடிவு சொன்னார்கள். அதை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு.

அவசரமும் குளறுபடியும் இருந்தது, அதனால் கதைகள் வளர்ந்தன. கடன் தகராறு, காதல் தகராறு, போரைப் பற்றிய வாக்குவாதம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எதற்கும் நிரூபணம் இல்லை. பேர் சொல்லி இறந்தவர்கள் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எட்டு நாளைப் பற்றி நூறு வருடமாகப் பேசுகிறோம், 400 பலகைகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த இழையிலாவது படங்களைப் பேசுவோம்.

துடுப்பு எழுதியது:

அண்ணா, ஒரு சின்ன மாற்றுக் கருத்து. சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வம்புக்காகப் பேசவில்லை. எவ்வளவோ தரம் துடுப்புப் போட்ட, பழகிய ஏரி. தண்ணீரைத் தெரிந்த மனிதன் தண்ணீரில் போனார் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. கடல்கரை ஊரில் பிறந்தவன் நான், எங்கட ஊரிலும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி அப்படித்தான் கதைப்பார்கள். ஆனால் கனூவில் எழுந்து நின்றால் யார் என்றாலும் விழலாம். ஜூலையிலும் ஆழத்தில் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும்.

சரி, படங்களுக்கு வருவோம்.

வெண்பலகை எழுதியது:

நான் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. தொம்சன் படங்கள் எனக்கும் மிகவும் பிடிக்கும், வகுப்பில் காட்டுவேன். ஆனால் 'மனிதர் தொடாத வடக்குக் காடு' என்று பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும்போது திருத்த வேண்டியிருக்கிறது. இங்கேயும் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், அது அவ்வளவு வடக்கு இல்லை. கனூ ஏரி ஏறக்குறைய 45.5 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. பாரிஸ் நகரம் அதைவிட வடக்கே. ரொறன்ரோவில் இருந்து மூன்று மணி நேரத்தில் போகலாம். குளிர்தான் வடக்கு மாதிரி, தூரம் அல்ல.

இரண்டாவது, அது தொடாத காடும் இல்லை. பூங்கா அமைந்தது 1893இல். அதற்கு முன்பே பெரிய வெண்பைன் மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். பூங்கா வந்த பிறகும் வெட்டுவது நிற்கவில்லை, இன்றும் அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதியில் அனுமதி இருக்கிறது. தொம்சன் தங்கிய மோவட் கிராமம் கில்மோர் மர நிறுவனத்தின் ஆலையைச் சுற்றி முளைத்தது. ஆலை நொடித்துப்போனதும் ஊர் காலியானது. அவர் தங்கிய மோவட் லாட்ஜே அந்த நிறுவனம் விட்டுப்போன கட்டடம்தான். அவர் வந்து இறங்கிய ரயில் பாதை, பூத் என்ற மர வியாபாரி மரம் ஏற்றப் போட்டது. ரயில் வராவிட்டால் தொம்சனும் வந்திருக்க மாட்டார்.

மூன்றாவதுதான் முக்கியம். அல்கொன்குவின் என்பது ஒரு மக்களின் பெயர். அந்த நிலத்தை அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. 2016இல்தான் அரசுகளோடு ஒரு கொள்கை அளவிலான உடன்பாடு கையெழுத்தானது. அவர்களின் பாதைகளில், அவர்கள் கண்டுபிடித்த படகில் போய், ஆளே இல்லாத காடு என்று நாங்கள் பார்க்கிறோம். நாங்களும் நிலம் இழந்து வந்தவர்கள். எங்கட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் அந்தப் படத்தை மட்டும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கித்தான் எழுதியது:

வெண்பலகை, இதை எழுதியதற்கு நன்றி. மூன்றாவது விஷயத்தில் நான் உங்கள் பக்கம், எதிர்த்துச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவதில் மட்டும் தாம்சனுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்.

அந்தக் காடு தொடாத காடு என்று சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1920இல்தான் ஏழ்வர் குழு உருவானது. கனடாவின் ஆன்மா, வடக்கின் தூய்மை என்ற பேச்செல்லாம் அப்போதுதான் ஓங்கியது. தாம்சன் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் வரைந்ததைப் பாருங்கள். 1912இலேயே 'மூழ்கிய நிலம்' என்று ஒரு சிறு ஓவியம். வெள்ளத்தில் நின்று செத்த மரங்கள், கம்பி கம்பியாக, தண்ணீரில் பிரதிபலிப்போடு. அப்புறம் 'பாயின்டர்கள்' என்று மரத்தொழிலாளர் படகுகள், 'மர ஓட்டம்' என்று மதகில் கட்டைகள் பாய்ந்து விழும் கேன்வாஸ், டீ ஏரி அணை. காட்டில் எது இருந்ததோ அதை வரைந்தார். எரிந்த மேடு, வெட்டிய இடத்தில் முளைத்த இளம் பிர்ச் மரங்கள், எல்லாமே இருக்கின்றன.

ஜாக் பைன் மரமே நெருப்போடு பிழைக்கிற மரம். அதன் காய்கள் பிசினால் இறுகி மூடியிருக்கும். தீயின் சூட்டில்தான் பெரும்பாலும் திறந்து விதை சிந்தும். நிமிர்ந்த வெண்பைனை வெட்டிக்கொண்டு போனார்கள். வளைந்து முண்டும் முடிச்சுமாக இருந்த ஜாக் பைன் பாறையில் மிஞ்சியது. அவர் வரைந்தது மிஞ்சியதை.

தைலவண்ணம் எழுதியது:

வெண்பலகை, நான் முதல் பதிவில் 'அந்தக் காட்டில் என்ன கிடைத்தது' என்று கேட்டபோது என் மனதிலும் வெறுங்காடுதான் இருந்தது. திருத்திக்கொள்கிறேன்.

அவர் அங்கே ஒரு பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். 1916 கோடையில் பூங்காவின் கிழக்குப் பக்கம் அக்ரே என்ற இடத்தில் தீ கண்காணிப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்தார். 'ஜாக் பைன்' படத்துக்கான பலகையை அங்கே கிராண்ட் ஏரிக்கரையில்தான் வரைந்தார். 1917 வசந்தத்தில் வழிகாட்டி உரிமம் வாங்கினார். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர், தூண்டில் பொறிகளைத் தானே செய்வார். பனி உருகும் ஏப்ரல் முதல் முதல் பனி விழும் நவம்பர் வரை அங்கே. மே, ஜூன் மாதங்களில் கருப்பு ஈ முகத்தை மொய்த்துக் கடிக்கும். அதோடுதான் வரைந்தார்.

அந்தக் கடைசி வசந்தத்தில் ஒரு நாளுக்கு ஒன்றாக, பனி விலகுவதிலிருந்து இலை துளிர்ப்பது வரை 62 பலகைகள் வரைந்ததாகத் தன்னிடம் சொன்னார் என்று பூங்காக் காவலர் (ரேஞ்சர்) மார்க் ராபின்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒரே பருவத்தை விடாமல் தொடர்வது! அந்தப் பலகைகள் வரிசையாக ஒரே சுவரில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

மின்மினி22 எழுதியது:

கொலைக் கதைக்காக வந்தேன், இப்போது இரண்டு நாளாகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். வருடத்தில் பாதி காட்டில் இருந்தால் சோற்றுக்கு என்ன செய்தார்?

துடுப்பு எழுதியது:

நல்ல கேள்வி. மக்கல்லம் என்று ஒரு கண் மருத்துவர் இருந்தார். வேலையை விட்டு முழுநேரமும் ஓவியம் வரையுங்கள், ஒரு வருடச் செலவை நான் பார்க்கிறேன் என்று துணை நின்றவர் அவர். பின்னாளில் ஏழ்வர் குழுவில் இருந்த ஓவியர் லோரன் ஹரிஸும் அந்த மருத்துவரும் சேர்ந்து 1914இல் ரொறன்ரோவில் ஓவியர்களுக்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டட வாடகை தொம்சனுக்குக் கட்டுப்படியாகவில்லை. பின்பக்கம் பள்ளத்தில் ஒரு பழைய கொட்டில் இருந்தது. அதைச் சரிபண்ணி மாதம் ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். 'ஜாக் பைன்', 'மேற்குக் காற்று' இரண்டும் அந்தக் கொட்டிலில்தான் உருவாகின.

அந்தக் கொட்டிலை 1962இல் அப்படியே கிளைன்பேர்க்கில் உள்ள மக்மைக்கல் ஓவியக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரம். மகளைக் கூட்டிப்போனேன். மர வீடு, பெரிய சன்னல். அவள் கேட்டாள், "இவ்வளவு சின்ன வீட்டுக்குள்ள அவ்வளவு பெரிய படத்தை எப்படி அப்பா வைச்சவர்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. அவர் தன் கனூவுக்குத் தானே நிறம் கலந்தார். படகுப் பூச்சில் ஓவியத்துக்கு வைத்திருந்த கோபால்ட் நீலத்தைப் பிழிந்து, ஒரு சாம்பல் நீலம் வரவைத்தார் என்று சொல்வார்கள். காசில்லாத மனிதர், விலை கூடிய சாயத்தைப் படகில் பூசியிருக்கிறார். அந்தப் படகைத் தூரத்திலேயே எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்களாம். அது தனியே மிதந்தபோதும்.

கித்தான் எழுதியது:

துடுப்பு, கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

2009இல் அவருடைய ஒரு சிறு பலகை, கனூ ஏரியின் முன்வசந்தம், ஏலத்தில் 27 லட்சம் கனடா டாலருக்கு மேல் போனது. உயிரோடு இருந்தபோது பலகைகளைப் பிடித்தவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்.

மின்மினி22 எழுதியது:

இன்று வேலை முடிந்து டொராண்டோவில் ஒன்டாரியோ ஓவியக் கூடத்துக்குப் போனேன். புதன் மாலை. 'மேற்குக் காற்று' பெரிய படத்தைப் பார்த்தேன். கூட்டம் அதன் முன்னால்தான் இருந்தது. பிறகு சிறு பலகைகள் இருந்த பக்கம் போனேன். கித்தான் சொன்னதைத் தேடிக்கொண்டே போனேன், ஒவ்வொன்றாகக் குனிந்து.

ஒன்றில் கிடைத்தது. இரண்டு தூரிகை இழுப்புகளுக்கு நடுவில், நகக்கண் அளவு, சாயமே படாத வெறும் மரம். தேன் நிறம். எட்டி நின்று பார்த்தால் அது மாலை வெளிச்சம் பட்ட கரை. கிட்டப் போனால் பலகை. எட்டிப் போய், கிட்ட வந்து, நாலைந்து தடவை பார்த்தேன். காவலர் ஒருவர் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அவரும் குனிந்து பார்த்தார்.

துடுப்பு எழுதியது:

தங்கச்சி, மே மாதம் பனி உருகியதும் கனூ ஏரிக்குப் போகிறோம். வெண்பலகை ரீச்சரும் வருகிறார். படகில் ஒரு இடம் இருக்கிறது. கருப்பு ஈக்கு வலைத் தொப்பி நான் கொண்டு வருகிறேன்.